வா, ரா, பா

நான் எட்டாவதோடு நின்றவள். எழுதிப் பழக்கமில்லை. அதனால் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இதில் என் அம்மாவை 'வந்தார்', 'சொன்னார்' என்றுதான் எழுதுவேன். வீட்டில் நாங்கள் அப்படிப் பேசுவதில்லை. 'அம்மா வந்துச்சு' என்போம். ஊரில் 'அவ வந்தா' என்பார்கள். இங்கே எழுதுகிறவள் நான். 'ர்' போடுவது என் இஷ்டம். எங்கள் பண்ணைக்காரருக்கும் 'ர்' போடுவேன். கொடுத்தால் குறைந்துபோகிற சாமான் இல்லை அது.

குந்தாரப்பள்ளியிலிருந்து உள்ளே தள்ளி எங்கள் ஊர். அப்பாவும் அம்மாவும் ஒரே பண்ணையில் வேலை செய்தார்கள். தக்காளி, ராகி, மாந்தோப்பு. அப்பா செத்த பிறகு அம்மா மட்டும் போனார். விடிந்ததும் மாட்டுக்கொட்டகையில் சாணி அள்ளுவார். பிறகு வயல். பண்ணைக்காரர் வீட்டுக்குள்ளே தெலுங்கு. வயலில் தமிழ். கர்நாடகத்திலிருந்து வியாபாரி வந்தால் கன்னடம். எங்கள் பக்கம் இது ஒரு விஷயமே இல்லை. மூன்றும் காதில் விழுந்துகொண்டே இருக்கும். யாரும் உட்கார்ந்து படிப்பதில்லை. சாயங்காலம் மாடு வீட்டுக்கு வருகிற மாதிரி அதுவாக வந்து சேரும்.

மூன்று மொழியிலும் எனக்கு முதலில் வந்து சேர்ந்தது ஒரே சொல். தமிழில் வா. தெலுங்கில் ரா. கன்னடத்தில் பா.

வேறு சொல்லும் இருந்தது. வாங்க. ரண்டி. பன்னி. அது மற்றவர்களுக்கு. பண்ணைக்காரர் வீட்டில் என் வயதில் ஒரு பெண் இருந்தாள். அம்மா அவளை 'வாங்க சின்னம்மா' என்பார். அவள் என் அம்மாவை 'ரா' என்பாள். இரண்டு பேரும் சிரித்த முகமாகத்தான் பேசிக்கொள்வார்கள். சண்டை, சச்சரவு ஒன்றும் கிடையாது. அதுதான் எனக்கு ஆகவில்லை.

மரியாதை இருந்தால் சொல் நீளுகிறது. இல்லாவிட்டால் ஒரே எழுத்தில் முடிந்துபோகிறது. சின்ன வயதிலேயே இதைக் கண்டுகொண்டேன். எங்களுக்கு எப்போதும் ஒரே எழுத்துதான்.

அம்மா வாயில் 'ங்க' ஓயாது. சரிங்க. ஆமாங்க. வந்துட்டேனுங்க. 'இல்லைங்க' என்பதைக்கூட 'ஆமாங்க' மாதிரிதான் சொல்வார். நான் கம்பெனி வேலைக்குப் போக ஆரம்பித்த சமயம். பண்ணைக்காரர் கேட்டாராம், உன் மகளைக் களையெடுக்கக் காணோமே என்று. "கம்பெனிக்குப் போறாளுங்க" என்று அம்மா சொன்னார். என்னிடம் வந்து அதை அப்படியே சொல்லிக் காட்டினார். நான் அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன். போறாளுங்க. 'ளு' எனக்கு. 'ங்க' பண்ணைக்காரருக்கு. ஒரே சொல்லில் அம்மா சரியாகப் பங்கு போட்டுவிட்டார்.

முதல் கம்பெனி அத்திப்பள்ளியில். எல்லை தாண்டினால் வந்துவிடும். அங்கே லைனைப் பார்த்துக்கொள்கிற அம்மா கன்னடக்காரர். காலையில் கதவருகே நின்று எங்களைப் பார்த்து 'பன்னி, பன்னி' என்று கூப்பிடுவார். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண் ஒருத்தி என்னோடுதான் சேர்ந்தாள். முதல் நாளே முறைத்துக்கொண்டு நின்றுவிட்டாள். யாரைப் பார்த்துப் பன்னி என்கிறாய் என்று அந்த அம்மாவிடம் சண்டைக்குப் போய்விட்டாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. இன்னும் மரியாதையாகக் கூப்பிட்டால் சரியாகிவிடும் என்று நினைத்து, கையைக் காட்டி, 'பன்னீம்மா, பன்னி' என்றார். நான்தான் இடையில் புகுந்து, அது 'வாங்க' என்று விளக்கினேன்.

"இது மரியாதையா? அப்ப திட்டுனா என்னன்னு சொல்லுவாவ?"

"திட்டுனா 'பா'ம்பாங்க."

"அது நல்லாருக்கே."

அவளுக்கு அப்படி. எனக்கு வேறு மாதிரி. அதுவரை யாரும் என்னை நீளமாகக் கூப்பிட்டதில்லை. என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த முதல் மரியாதை பன்னி.

பிறகு ஓசூர் வந்துவிட்டேன். காருக்குள் ஓடும் வயர்களை ஒன்றாகச் சேர்த்துக் கட்டும் கம்பெனி. பலகையில் ஆணி அடித்திருக்கும். ஆணி போகிற வழியில் வயர் போக வேண்டும். நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை. பக்கத்திலேயே அறை எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போவேன்.

ஒரு தடவை அம்மாவை ஓசூருக்கு அழைத்து வந்தேன். சானமாவு பக்கம் வண்டிகள் எல்லாம் நின்றுவிட்டன. யானை ரோட்டைத் தாண்டுகிறது. கண்டக்டர், யாரும் இறங்க வேண்டாம், சாமி நின்னுக்கினு இருக்கார், அவர் போகட்டும் என்றார். அதே கண்டக்டர்தான் ஏறும்போது அம்மாவை 'ஏ, உள்ள போ' என்றவர். அம்மா என் காதருகே குனிந்தார்.

"தும்பிக்கை இருந்தாத்தான் மரியாதையாட்டம் இருக்குது."

அம்மாவுக்கும் தெரிந்துதான் இருக்கிறது என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

கம்பெனிக்கு ஜப்பான்காரர்கள் வருவார்கள். எங்கள் வயர் அவர்கள் வண்டிக்குத்தான் போகிறது. வருவதற்கு முந்தின நாளே எல்லாம் பளபளவென்று ஆகிவிடும். ஒரு முறை வந்தவர்களில் வயதான ஒருவர் எங்கள் லைன் ஓரமாக நின்றார். அங்கே தரை கூட்டுகிற அக்கா துடைப்பத்தோடு சுவரோடு சுவராக ஒட்டி நின்றிருந்தார். ஜப்பான்காரர் அந்த அக்காவின் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்தார். பக்கத்திலிருந்த சூப்பர்வைசரிடம் பெயரைக் கேட்டுக்கொண்டார். பெயரைச் சொல்லி, கூடவே 'சான்' என்று சேர்த்து, தலை குனிந்து ஏதோ சொன்னார். தரை சுத்தமாக இருக்கிறது என்றாராம்.

அக்கா திரும்பிப் பின்னால் பார்த்தார். யாரைக் கூப்பிடுகிறார் என்று. பின்னால் சுவர்தான் இருந்தது.

டீ நேரத்தில் சூப்பர்வைசரிடம் கேட்டேன், சான் என்றால் என்னவென்று. அது பெயரோடு சேர்த்துச் சொல்வது, முதலாளிக்கும் போடுவார்கள், கூட்டுகிறவருக்கும் போடுவார்கள் என்றார். எல்லாருக்குமா என்று கேட்டேன். எல்லாருக்கும் என்றார். பிஸ்கட்டை நனைத்துக்கொண்டே சொன்னார். அவருக்கு அது சாதாரணம்.

அன்றைக்குத்தான் முடிவு செய்தேன்.

வெளிநாடு போவது எங்கள் பக்கம் புதிதல்ல. துபாய், சிங்கப்பூர், மலேசியா என்று போயிருக்கிறார்கள். போகிறவர்களுக்கு எல்லாரும் ஒரே புத்திதான் சொல்வார்கள். பாஷை தெரிந்த ஊருக்குப் போ. சிங்கப்பூரில் தமிழ் உண்டு. மலேசியாவில் உண்டு. துபாயில் இந்தியோ மலையாளமோ வைத்துச் சமாளிக்கலாம். பாஷை இருக்கிற பக்கம்தான் ஆளும் போகிறான். சரிதான். ஆனால் நான் பார்த்தவரை தமிழ் போன இடத்துக்கெல்லாம் 'வா'வும் கூடவே போயிருக்கிறது. சிங்கப்பூர் போன எங்கள் ஊர்க்காரர் அங்கேயும் நம் ஆள் ஒருவருக்குக் கீழே 'டேய்' என்றுதான் இருந்தார். நான் பாஷை தெரியாத ஊருக்குப் போக நினைத்தேன். சம்பளமும் வேண்டும்தான். அதை இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் சம்பளத்துக்காக மட்டும் என்றால் துபாயே போதும்.

அம்மாவிடம் சொன்னேன். அங்கே எல்லாரையும் சான் என்று கூப்பிடுவார்கள் என்றேன்.

"சாணா? இங்க நான் அள்ளுன சாணி போதாதா, நீ வேற சாண் தேடிக்கினு போறியா?"

சிரித்தார். பிறகு, எவ்வளவு தூரம் என்று கேட்டார். தூரம் என்றேன். சரி என்றார்.

ஓசூரிலேயே ஒரு இடத்தில் ஜப்பான் மொழி சொல்லிக்கொடுத்து, அனுப்பியும் வைத்தார்கள். வயதானவர்களைப் பார்த்துக்கொள்கிற வேலை. எத்தனாவது படித்தாய் என்பதில்லை. மொழிப் பரீட்சையில் தேற வேண்டும். வேலைப் பரீட்சையில் தேற வேண்டும். அப்புறம் அங்கிருந்து திரையில் வந்து பேசுவார்கள். பிடித்திருந்தால் எடுப்பார்கள். அவ்வளவுதான். பள்ளிக்கூடம் எனக்கு மூடிய கதவை ஒரு பாஷை திறக்கும் என்றால், அந்தப் பாஷையைத் தின்றாவது முடித்துவிடுவது என்று இருந்தேன்.

சொல்லிக்கொடுத்த சார் தெற்கத்திக்காரர். ஜப்பானில் சில வருடம் வேலை செய்தவர். நன்றாகச் சொல்லிக்கொடுத்தார். அதில் குறை சொல்ல மாட்டேன். மாடியில் என்ஜினீயரிங் முடித்த பையன்களுக்கு வகுப்பு. கீழே எங்களுக்கு. இரண்டுக்கும் அவர்தான். மாடியில் அவர் குரல் எங்களுக்குக் கேட்கும். வாங்க தம்பி, உக்காருங்க தம்பி. இறங்கி வந்தால், ஏம்மா, நீ எந்திரி, இவளே, உக்காரு. யாரிடமும் கோபமில்லை. வாய் தானாக மாறிக்கொள்ளும், படியில் இறங்கும்போதே.

சான் பாடம் அவர்தான் நடத்தினார். எல்லாருடைய பெயருக்குப் பின்னாலும் போட வேண்டும். தன் பெயருக்கு மட்டும் தானே போட்டுக்கொள்ளக் கூடாது. நோயாளிக்குத் தன் பெயரே மறந்திருந்தாலும் நாம் பெயரைச் சொல்லிச் சான் போட வேண்டும். தொடுவதற்கு முன் சொல்ல வேண்டும். மலத்துணி மாற்றும்போதும் சான்தான். இதையெல்லாம் விளக்கிவிட்டு என்னைப் பார்த்து, "ஏய், நீ எந்திரி. சான் போட்டுச் சொல்லு பாப்போம்" என்றார். நான் எழுந்து சொன்னேன். சிரிக்கவில்லை. மனதில் வைத்துக்கொண்டேன்.

பேச்சு எனக்கு வந்தது. வினை கடைசியில் வருகிறது, நம் மாதிரியே. எழுத்துதான் உயிரை வாங்கியது. பலகையில் வயர் ஓட்டும்போது வாய் சும்மாதானே இருக்கிறது. வாயில் ஜப்பான் ஓடும். பக்கத்தில் நிற்கிற பீகார்ப் பெண், மந்திரம் சொல்கிறாயா என்று இந்தியில் கேட்டாள். ஆமாம் என்றேன்.

ஒரே ஒரு தொந்தரவு. என் 'ங்க' போகவில்லை. ஜப்பானில் ஆமாம் என்பதற்கு 'ஹை'. நான் 'ஹைங்க' என்பேன். இல்லை என்பதற்கு 'ஈயே'. நான் 'ஈயேங்க' என்பேன். அம்மா வாயிலிருந்து ஒட்டிக்கொண்டது. எங்கள் பக்கத்துப் பெண்கள் எல்லாருக்கும் கொஞ்சம் உண்டு. எனக்கு அதிகம். அந்த வாலை வெட்டு, ஜப்பான்காரன் மிரண்டுபோவான் என்று சார் ஓயாமல் சொன்னார். வகுப்பே எனக்கு ஹைங்க என்று பெயர் வைத்துவிட்டது. வெட்டிப் பார்த்தேன். திரும்ப முளைத்தது. பிறகு விட்டுவிட்டேன். வால் இருக்கிற மாடுதான் ஈ ஓட்டும்.

மொழிப் பரீட்சையில் முதல் தடவை விழுந்தேன். அடுத்த தடவை தேறினேன், வேலைப் பரீட்சையிலும்.

திரையில் பேசுகிற நாள் வந்தது. ஒரு முதியோர் இல்லம். கீழ் வகுப்பிலிருந்து எங்கள் எல்லாரையும் பார்க்கப் போகிறார்கள். ஒருவரோ இருவரோ தவிர எல்லாரையும் எடுப்பார்கள் என்று பேச்சு. சார் முன்பே சொல்லி வைத்தார். கேள்வியைத் தமிழில் நான் சொல்கிறேன். பதிலைச் சின்னதாகச் சொல்லுங்கள். சிரித்த முகமாக இருங்கள். வாயைக் கொடுக்காதீர்கள். எனக்கு அன்று இதுதான் வழி. இல்லங்களைத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அவர் கை விட்டால் பரீட்சையில் தேறியதை வைத்து நான் விசிறிக்கொள்ளலாம்.

என் முறை வந்தது. நாற்காலியில் உட்கார்ந்தேன். மற்றவர்கள் பின்னால் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சார் என் பக்கத்தில். திரையில் ஒரு அம்மாள், இல்லத்தை நடத்துகிறவர். நரைத்த முடி, கண்ணாடி. என் பெயரைச் சொல்லிச் சான் போட்டார். நிதானமாகக் கேட்டார். எனக்குப் புரிந்தது. ஒரு பெரியவர் குளிக்க மாட்டேன் என்கிறார், சத்தம் போடுகிறார், அப்போது நீங்கள் என்ன செய்வீர்கள், சொல்ல முடியுமா என்று கேட்டார். பெரியவருக்கும் மரியாதைச் சொல். எனக்கும் மரியாதைச் சொல்.

சார் என் பக்கம் திரும்பினார்.

"ஏய், இங்க பாரு. கெழடு குளிக்க மாட்டேன்னு கத்துது. நீ என்ன செய்வே? சொல்லு."

அந்த அம்மாள் அங்கிருந்து இரண்டு மரியாதை கொடுத்து அனுப்பினார். கடல் தாண்டி வந்தது. கடைசியில் ஒரு சாண் தூரத்தில் இரண்டும் விழுந்துவிட்டன.

பதில் எனக்குத் தெரியும். சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் இன்று வேறு கதை. ஆனால் அந்த நேரத்தில் என் வாய்க்கு வந்தது அது இல்லை.

"அவங்க சான் போட்டுத்தான் கேட்டாங்க. நீங்களும் போட்டுக் கேளுங்க."

சார் திரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, பல்லுக்குள், பதிலைச் சொல் என்றார்.

"கேளுங்க. சொல்றேன்."

பின்னால் ஒரு நாற்காலி கிரீச்சிட்டது. திரையில் அந்த அம்மாள் என்ன சொல்கிறார் என்று கேட்டார். சார் ஜப்பான் மொழியில் ஒரு சொல் சொன்னார். 'கின்ச்சோ.' பயத்தில் படபடப்பாக இருக்கிறாளாம். அந்தச் சொல்லும் எனக்குத் தெரியும். அவர்தான் சொல்லிக்கொடுத்தது.

நான் நேராகத் திரையைப் பார்த்தேன். "ஈயேங்க" என்றேன். "கின்ச்சோ இல்லைங்க."

அவசரத்தில் இரண்டு பாஷையும் ஒன்றில் ஒன்று விழுந்துவிட்டது. பின்வரிசை முழுக்கச் சிரித்தது. அந்த அம்மாளும், எதற்கென்று தெரியாமலே சிரித்தார். நான் மறுபடி ஜப்பானில், எனக்கு வந்த மட்டும் சொன்னேன். முதலில் காத்திருப்பேன். பிறகு பெயர் சொல்லிச் சான் போட்டுக் கூப்பிடுவேன். பிறகு திரும்பக் கேட்பேன். இலக்கணம் உதைத்திருக்கும். நேரம் முடிந்தது. அடுத்த பெண்ணைக் கூப்பிட்டார்கள்.

என்னை எடுக்கவில்லை.

சிங்காரப்பேட்டைப் பெண் ஒருத்தி என் பக்கத்துப் பெஞ்ச். அவளை எடுத்தார்கள். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்து இழுத்தாள். உன் ஒருத்தி வாயால் எங்கள் எல்லாருடைய பிழைப்பும் போயிருக்கும், தெரியுமா என்றாள். தெரியும் என்றேன். அப்புறம் ஏன் என்றாள். அவள் சொன்னதும் நியாயம். ஆனாலும் மாற்றிக்கொள்ள மாட்டேன் என்றேன். இரண்டு நாள் அவள் பேசவில்லை.

சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கத்தவில்லை. இனிமேல் வர வேண்டாம் என்றார். பிறகு அவராகவே பேசினார்.

"அங்க போனா ஒன்னைச் சான் சான்னு தூக்கி வெச்சுக் கொண்டாடுவாங்கன்னு நெனைச்சியா? நான் இருந்த பட்டறையில எனக்கு 'ஓய்'தான் பேரு. கெளம்பி வர்ற வரைக்கும் ஓய்."

நான் வாசல் வரை போய்த் திரும்பினேன்.

"அது உங்களுக்கு எப்படிங்க இருந்துச்சு?"

அவர் மேசைமேல் இருந்த பேனாவை மூடினார். நான் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆக, அங்கேயும் ஒரு 'வா' இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டது நல்லதுதான். சொர்க்கம் என்று நினைத்துப் போகிறவள் முதல் ஓய்க்கே உடைந்துபோவாள். நான் உடைய மாட்டேன். ஓய் என்றால் இங்கே கேட்ட மாதிரியே அங்கேயும் கேட்பேன். அதற்கும் பாஷை வேண்டும் இல்லையா. அடி வாங்கப் பாஷை வேண்டாம். திருப்பிக் கேட்கத்தான் வேண்டும். இந்த இடத்தில் நான் கற்றுக்கொண்டது இதுதான். மற்றபடி அனுப்பியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். பொய் சொல்லி என்ன.

வயர் வேலைக்கே திரும்பினேன். வாயில் ஜப்பானை விடவில்லை. தேறிய பரீட்சை தேறியதுதான், அதை யாரும் பிடுங்க முடியாது. எல்லைக்கு அந்தப் பக்கம், பெங்களூர் போகிற வழியில் ஜப்பானுக்கு அனுப்புகிற இன்னொரு இடம் இருப்பதாகப் பழைய கம்பெனிப் பெண் ஒருத்தி சொன்னாள். அங்கே எல்லாம் கன்னடத்தில்தான் நடக்குமாம். அதனால் தமிழ்ப் பெண்கள் அதிகம் போவதில்லையாம். நான் போனேன்.

வாசலில் ஒரு அம்மா நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும், பன்னி, பன்னி என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏன் சிரிக்கிறீர்கள் என்று கேட்டார். தமிழில் அதற்கு வேறு அர்த்தம் என்றேன். தெரியும், தெரிந்துதான் தமிழ்ப் பெண்களை இரண்டு தடவை கூப்பிடுவேன் என்றார். நாங்கள் ஒத்துப்போனோம்.

அங்கே திரையில் பேசுகிற நாளில், எனக்கு மொழிபெயர்க்க ஆள் வேண்டாம் என்று முன்பே சொல்லிவிட்டேன். தடுமாறினாலும் நானே பேசுகிறேன். அந்த அம்மா சரி என்றார். இந்த முறை திரையில் ஒரு ஆண். நிறையக் கேட்டார். பாதி எனக்கு இரண்டாவது தடவைதான் புரிந்தது. இரண்டாவது தடவை சொல்லுங்கள் என்று கேட்டுக் கேட்டுச் சொன்னேன். நடுவில் ஹைங்க வந்துவிட்டது. அது என்ன 'ங்க' என்றார். எங்கள் ஊர்ச் சான் என்றேன். தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்.

எடுத்துவிட்டார்கள். விசா வர வேண்டும். வந்ததும் கிளம்பிவிடுவேன்.

சிங்காரப்பேட்டைப் பெண் அங்கே போய் நாளாகிவிட்டது. இப்போது பேசுகிறாள். உன்னை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்றுதான் முதலில் கேட்டேன். சான்தான் என்றாள். ஆனால் முதுகு ஒடிய வேலை வாங்கும்போதும் சான்தானாம். சீக்கிரம் என்று விரட்டும்போதும் சான்தானாம். "வாங்கன்னு வேலை வாங்குனா இன்னா, வான்னு வேலை வாங்குனா இன்னா, ரெண்டும் ஒண்ணுதான்டி" என்றாள்.

ஒன்று இல்லை என்றேன். முதுகு ஒன்றுதான். மற்றது ஒன்று இல்லை. அவள் சிரித்துவிட்டு, நீ திருந்த மாட்டே என்றாள்.

போன வாரம் அம்மாவோடு குந்தாரப்பள்ளிச் சந்தைக்குப் போனேன். நான் போன பிறகு தனியாக இருக்க முடியாது, ஒரு ஆட்டுக்குட்டி வேண்டும் என்றார். பேச்சுத் துணைக்காம். ஆடு என்ன பேசும் என்றேன். நீ மட்டும் ரொம்பப் பேசுகிறாயாக்கும் என்றார். கருப்பில் வெள்ளைத் திட்டு வைத்த ஒரு பெட்டைக்குட்டியைப் பிடித்தார். பல்லைப் பார்த்தார். காலைத் தூக்கிப் பார்த்தார்.

மாடு நிற்கிற பக்கத்திலிருந்து பண்ணைக்காரர் வந்தார். வயதாகிவிட்டது. கையில் தடி. அம்மாவைப் பார்த்து நின்றார். என்னைப் பார்க்கவில்லை.

"ஏ புள்ள, உன் மக சீமைக்குப் போறாளாமே. அங்கியும் அள்ற வேலைதானாமே?"

சுற்றி நின்ற ஒருவர் இருவர் சிரித்தார்கள். நான் வாயைத் திறந்தேன். அம்மா என் பக்கம் கையைக் காட்டினார். சும்மா இரு என்று. சரி, ஆமாங்க என்று சொல்லிச் சிரித்து அனுப்பிவிடுவார் என்று நினைத்தேன். எத்தனை காலமாகப் பார்க்கிறேன்.

அம்மா குட்டியின் காலை விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"போறாங்க" என்றார்.

பண்ணைக்காரருக்குப் பிடிபடவில்லை. யாரு என்று கேட்டார். கேட்டுக்கொண்டே திரும்பித் தன் பின்னால் பார்த்தார். வேறு யாரோ பெரிய மனிதர் போகிற மாதிரி. பின்னால் மாடுதான் நின்றது.

"எம் பொண்ணு. ஜப்பானுக்குப் போறாங்க."

போறாளுங்க இல்லை. போறாங்க. 'ளு' இல்லை. அம்மாவிடம் அன்று இருந்தது ஒரே ஒரு 'ங்க'. அதை எனக்குப் போட்டுவிட்டார். பண்ணைக்காரருக்கு மிச்சம் இல்லை.

அவருக்கு இப்போது புரிந்துவிட்டது. தடியைத் தரையில் ஒரு முறை ஊன்றினார். மாட்டுப் பக்கம் போய்விட்டார். சிரித்தவர்கள் ஆட்டைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

நான் அம்மாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. குட்டியின் கயிற்றை என் கையில் திணித்தார்.

"புடிடி" என்றார்.

பிடித்துக்கொண்டேன்.